மையித்து வீட்டில் தொடங்கும் வழக்கு: வாரிசுச் சொத்தும் வாழும்போதே செய்யவேண்டிய ஒழுங்கும்

நமது ஊர்களில் ஓர் உம்மாவின் வயிற்றில் பிறந்த இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் காரணத்தைத் தேடித் திரியத் தேவையில்லை. பெரும்பாலும் அது ஒரு வளவாகவோ, வீடாகவோ, வயலாகவோ இருக்கும். பெருநாள் தொழுகை முடிந்து ஊரெல்லாம் முஸாபஹா செய்யும்போது காக்கா ஒரு வாசலாலும் தம்பி மறு வாசலாலும் வெளியேறுவதை நாம் கண்டிருக்கிறோம். வேலி அடைக்கப்போன இடத்தில் மண்வெட்டி ஓங்கப்பட்டு, பொலிஸ் முறைப்பாட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் முடிந்த சங்கதிகளும் உண்டு.

‘பங்காளி’ என்ற சொல்லுக்குப் பங்கு உடையவன் என்பதே நேர்ப்பொருள். ஆனால் ‘பங்காளிக் காய்ச்சல்’ என்று சொன்னவுடன் எல்லாருக்கும் பகைதான் நினைவுக்கு வருகிறது. சொத்தில் கூட்டாக இருப்பவர்கள் எப்படி மாறிப்போகிறார்கள் என்பதை நமது முன்னோர் பார்த்துப் பார்த்துத்தான் அந்தச் சொல் அப்படிச் சாய்ந்திருக்க வேண்டும். முஸ்லிம்களாகிய நமக்கு ஒரு கேள்வி மேலதிகமாக இருக்கிறது. யாருக்கு எத்தனையில் ஒன்று என்று குர்ஆனே கணக்குச் சொல்லியிருக்கும்போது, நாம் ஏன் இவ்வளவு சண்டை பிடிக்கிறோம்?

நான் ஆலிமாவும் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை. ஆசிரியர் அறையில் இடைவேளைக்குத் தேநீர் குடிக்கும்போது பேசப்படும் குடும்ப வழக்குகளையும், வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தும் பேசிக்கொள்ளாத சாச்சி பிள்ளை, பெரியம்மா பிள்ளைகளையும் பார்த்து எனக்குப் பட்டது இதுதான்: பங்கு எவ்வளவு என்பதில் நமக்குள் பெரிய சண்டை இல்லை. பங்கு வைக்கவேண்டிய சொத்து எது, அது உண்மையில் யாருடையது என்பதில்தான் சண்டை. அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கக்கூடியவர் மௌத்தாகிப்போனவர் ஒருவரே. அவர் இருக்கக்குள்ள யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

சட்டம் இறங்கிய சந்தர்ப்பம்

வாரிசுரிமைச் சட்டமே ஒரு குடும்ப முறைப்பாட்டோடு சம்பந்தப்பட்டு இறங்கியதுதான். ஹிஜ்ரி 3 இல் நடந்த உஹதுப் போரில் ஸஅத் இப்னு றபீஃ (ரழி) அவர்கள் ஷஹீதானார்கள். அவருடைய மனைவி இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் வாப்பாவின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார், கையில் ஒன்றும் இல்லாமல் இந்தப் பிள்ளைகளை யார் முடிப்பார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. அந்தக் காலத்து அரபு வழக்கில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பங்கில்லை. சகோதரர் செய்தது அந்த வழக்கத்தின்படி சரி.

அதன் பின்னர்தான் சூறா நிஸாவின் 11 ஆம் வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பெண்பிள்ளைகள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, உம்மாவுக்கு எட்டிலொன்று, மிஞ்சியது உமக்கு என்று தீர்த்துவைத்தார்கள். சகோதரரும் வெறுங்கையோடு போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் முஸ்லிம்களுடைய வாரிசுரிமை வெறும் மார்க்கக் கடமை மட்டுமல்ல, நாட்டுச் சட்டமும்கூட. 1806 இல் பிரித்தானியர் முஸ்லிம்களுக்கான சட்டக்கோவை ஒன்றை வெளியிட்டனர். முதலில் கொழும்பு மாகாணத்துக்கு என்றிருந்த அது 1852 இல் தீவு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. பின்னர் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாதனமற்ற வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. ஒருவர் மரணசாதனம் எழுதாமல் மௌத்தானால், அவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அந்த மத்ஹபின் சட்டப்படி சொத்துப் பங்கிடப்படும் என்பது அதன் சாரம். நம்மில் பெரும்பாலானோர் ஷாபிஈக்கள், மேமன்கள் ஹனபிகள்.

இங்கே பலருக்கும் உள்ள ஒரு மயக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். “காதியாரிட்டப் போவம்” என்று பங்கு வழக்கோடு காதி நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காதிக்கு அதிகாரம் இருப்பது விவாகம், விவாகரத்து, மஹர், கைக்கூலி, தாபரிப்பு போன்ற விடயங்களில்தான். வாரிசுச் சொத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. அங்கே போனால், கூட்டுரிமையாளர் எவரும் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். காணியைப் பிரிக்க முடியாவிட்டால் விற்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். வழக்கு முடிய எத்தனை வருடம் செல்லும், சட்டத்தரணிக்கும் நில அளவையாளருக்கும் எவ்வளவு போகும் என்பதை வழக்காடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு கணக்கு

பங்குக் கணக்கு அவ்வளவு கஷ்டமானதல்ல. ஓர் உதாரணம் பார்ப்போம். வாப்பா மௌத்து. அவருடைய பெற்றோர் முன்னரே மௌத்து. இருப்பவர்கள் உம்மா, இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். சொத்து 80 பேர்ச் வளவு, அதாவது அரை ஏக்கர்.

முதலில் ஜனாஸாச் செலவு, பிறகு கடன், அதன் பிறகு வசிய்யத் இருந்தால் அது. இவை கழிந்து மிஞ்சியதுதான் மீராஸ். கடனும் வசிய்யத்தும் இல்லை என்று வைத்துக்கொண்டால், பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டிலொன்று, 10 பேர்ச். மீதி 70 பேர்ச்சை ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஏழு கூறாக்கினால், பெண்மக்களுக்குப் பத்துப் பத்து, ஆண்மக்களுக்கு இருபது இருபது. ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய கணக்கு.

இனி, நம்மவர்கள் வழமையாகச் செய்வதைப் பார்ப்போம். “உம்மா இருக்கக்குள்ள பிரிக்கிறதா? உம்மாட காலத்துக்குப் பொறகு பார்ப்பம்” என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஐந்தாறு வருடத்தில் மூத்த மகனும் மௌத்தாகிறார். அவருக்கு மனைவியும் ஒரு மகளும். வாப்பாவின் சொத்திலிருந்து அவருக்குச் சேர்ந்திருந்த 20 பேர்ச் இப்போது அவருடைய வாரிசுகளுக்கு. மனைவிக்கு எட்டிலொன்று, இரண்டரைப் பேர்ச். மகளுக்குப் பாதி, 10 பேர்ச். உம்மாவுக்கு ஆறிலொன்று, மூன்றே கால் பேர்ச்சுக்குச் சற்று மேல். மிஞ்சும் நாலு சொச்சம் தம்பிக்கும் மூன்று சகோதரிகளுக்கும். ஒவ்வொரு சகோதரிக்கும் வருவது ஒரு பேர்ச்சுக்கும் குறைவு.

அந்த ஒரு பேர்ச்சுக்கும் குறைந்த துண்டுக்காக யாரும் அடிபடப் போவதில்லை. ஆனால் அந்த வளவை விற்கவோ, பிரிக்கவோ, வங்கியில் ஈடு வைக்கவோ எல்லாருடைய கையொப்பமும் வேண்டும். அதில் ஒருவர் டோஹாவில், ஒருவர் பேசாமல் இருக்கிறார், ஒன்று பராயம் அடையாத பிள்ளை. இனி உம்மாவும் மௌத்தானால் என்ன நடக்கும்? உயிரோடு இருக்கும் மகன் ஒருவர் இருப்பதால், முன்னே மௌத்தான மகனின் அந்தப் பேத்திக்கு மூத்தும்மாவின் சொத்தில் வாரிசுப் பங்கு கிடையாது. “எங்கட வாப்பாவும் இந்த வளவுக்குப் பிள்ளைதானே” என்று அந்தப் பிள்ளை வளர்ந்து கேட்கும்போது அந்த வீட்டில் யாரிடமும் பதில் இருக்காது. தாமதம் கணக்கை மட்டும் கடினமாக்கவில்லை.

சண்டை பிறக்கும் இடங்கள்

முதலாவது, உறுதி எழுதாத சீதன வீடு. கிழக்குக் கரையோரத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றார் பின்வளவுக்குள் ஒதுங்கி, அடுத்த மகளுக்குக் கல் அரிவார்கள். கலியாணப் பேச்சில் “வீடும் வளவும் மகளுக்குத்தான்” என்று சபையில் சொல்லப்படும். ஆனால் உறுதி? “எழுதித் தாறம், எழுதித் தாறம்” என்று இருபது வருடம் போகும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். சபையில் சொன்ன வாய்ச்சொல் போதாது. ஆகவே வாப்பா மௌத்தான அன்று அந்த வீடு சட்டத்தில் அவருடைய மையித்துச் சொத்து. அந்த வீட்டிலே பிள்ளை பெற்று வளர்த்த மகளுக்கு அதில் ஒரு பங்கு. வேறு ஊரில் கலியாணம் முடித்துப்போன தம்பிக்கு இரண்டு பங்கு.

மறுபக்கமும் இருக்கிறது. உறுதி முறையாக எழுதிக் கொடுத்த வீடு அன்பளிப்பாக முடிந்துபோனது. அது மீராஸில் கழிக்கப்படாது. ஆகவே வீடு பெற்ற மகள் மிஞ்சிய வயலிலும் தன் வாரிசுப் பங்கைக் கேட்கலாம். “ராத்தாமாருக்கு வீடும் கொடுத்து, வயலிலயும் பங்கா? நாங்க ஆருட பிள்ளைகள்?” என்று ஆண்மக்கள் கொதிப்பது இங்கேதான். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இதை முன்கூட்டிப் பேசித் தீர்த்திருக்கக்கூடிய வாப்பாதான் இல்லை.

சுனாமி இதை இன்னும் சிக்கலாக்கியது. 2004 டிசம்பருக்குப் பிறகு உறுதிகள் பல தண்ணீரோடு போயின. பெண்ணின் சீதன வளவில் இருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த புதிய வீடுகள் சில, குடும்பத் தலைவர் என்ற பேரில் கணவனின் பெயருக்கு எழுதப்பட்டன. உம்மா வழியாக மகளுக்கு வரவேண்டிய வீடு, கணவனின் வாரிசுகளுக்குப் போகும் வீடாகச் சத்தமில்லாமல் மாறியது.

இரண்டாவது, வெளிநாட்டு உழைப்பு. மகன் சவூதியிலோ கட்டாரிலோ பத்து வருடம் வெயிலில் நின்று அனுப்பிய காசில் வாப்பாவின் காணியில் மேல்மாடி எழும்புகிறது. சில வீடுகளில் அந்தக் காசு மகளுடையது. அது வாப்பாவுக்குக் கொடுத்த அன்பளிப்பா, கடனா, அல்லது மாடி தன்னுடையது என்ற எண்ணமா என்று யாரும் கேட்டதில்லை, எழுதியதும் இல்லை. கட்டடம் காணியோடு சேர்ந்தது என்பதே பொதுவான சட்டம். “என்ட வேர்வை” என்பார் அவர். “வாப்பாட காணி” என்பார்கள் மற்றவர்கள். வாப்பாவின் கடையில் சம்பளமில்லாமல் நின்ற மகனுடைய நிலையும் இதுவே. அவன் பங்காளியா, வேலையாளா, உதவிக்கு நின்ற பிள்ளையா?

மூன்றாவது, பெமிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த வயல்களுக்கும் மேட்டுக்காணிகளுக்கும் நமது மீராஸ் கணக்குச் செல்லாது என்பது பலருக்குத் தெரியாது. அந்தச் சட்டமே தனி வழியுரிமை முறை ஒன்றை வைத்திருக்கிறது. பெமிட்காரர் மௌத்தானால் மனைவி சீவிய காலத்துக்கு அனுபவிப்பார். அதன் பின் பின்னுரித்தாளராகப் பெயர் பதியப்பட்டவருக்குக் காணி போகும். ஆறு பிள்ளைகளில் ஒருவர் பெயர் மட்டும் பதியப்பட்டிருந்தால் சட்டத்தில் அவரே உரிமையாளர். மற்ற ஐவரும் குர்ஆன் வசனத்தை ஓதிக்கொண்டு நிற்பார்கள். அவர் பெமிட்டைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

நான்காவது, ஆஸ்பத்திரிக் கைநாட்டு. வாப்பா கடைசி நோயில் கிடக்கும்போது நொத்தாரிசைக் கூட்டிப்போய் ஒரு பிள்ளை தன் பெயருக்கு எழுதிக்கொள்வது. மரண நோயில் கொடுக்கும் அன்பளிப்பை ஷரீஅத் வசிய்யத்தாகவே கணிக்கிறது. அது மூன்றிலொன்றைத் தாண்டக்கூடாது. வாரிசு ஒருவருக்கென்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் செல்லாது. இவ்வகைக் கைநாட்டுகள்தான் பெரும்பாலும் கைகலப்பில் முடிகின்றன. ஏனென்றால் இதில் மற்றப் பிள்ளைகள் பங்கை மட்டும் இழக்கவில்லை. வாப்பா தங்களை வெறுத்துவிட்டார் என்ற நினைப்போடு மிச்சக் காலத்தைக் கழிக்கிறார்கள்.

ஐந்தாவது, ‘விட்டுக்கொடுத்த’ பெண்கள். மையித்து வீட்டில் இத்தாவில் இருக்கும் உம்மாவிடமும் அழுதுகொண்டிருக்கும் சகோதரிகளிடமும் கடதாசியை நீட்டி, “ஒரு கையொப்பம்தானே” என்று வாங்கிவிடுகிறார்கள். தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, மனம் ஒப்பி, தனக்குச் சேர்ந்த பிறகு கொடுப்பதுதான் விட்டுக்கொடுத்தல். எதற்குக் கையொப்பம் என்றே தெரியாமல் வைத்தது அதுவல்ல. இதை அந்தச் சகோதரிகள் பேசமாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து பேசுவார்கள்.

வாழும்போதே செய்யவேண்டியவை

“வாப்பா கண்ணோட இருக்கக்குள்ள பங்கு கேக்கிறதா?” இந்த ஒரு வசனம்தான் எல்லாவற்றையும் தடுக்கிறது. பிள்ளைகள் கேட்டால் அது பேராசையாகத்தான் காதில் விழும். ஆகவே பேச்சைப் பெற்றார்தான் தொடங்க வேண்டும். எழுத வேண்டியதைக் கொண்ட ஒரு முஸ்லிம் வசிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமும் கடனை எழுதி வைப்பது பற்றியதுதான்.

முதலில் சொத்துப் பட்டியல். ஒவ்வொரு காணிக்கும் உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், நில அளவைப் படம், அது முதுசமா தேட்டமா, மனைவியின் சொத்தா தன் சொத்தா என்று எழுதுங்கள். மனைவியின் நகையை விற்று வாங்கிய காணி என்றால் அதையும் எழுத வேண்டும். பிள்ளையின் காசு எதில் சேர்ந்திருக்கிறதோ, அது அன்பளிப்பா கடனா கூட்டா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டு, மற்றவர்களும் கேட்க எழுதுங்கள்.

இரண்டாவது கடன் பட்டியல். கொடுக்கவேண்டியது, வரவேண்டியது, கொடுக்காத ஸக்காத், மனைவிக்குக் கொடுக்காமல் நிலுவையில் இருக்கும் மஹர். மஹர் பாக்கி மனைவிக்குச் சேரவேண்டிய கடன். அவளுடைய எட்டிலொன்றுக்கு வெளியே, அதற்கு முன்னே கொடுக்கப்பட வேண்டியது. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த பலருக்கும் இது நினைவிலேயே இல்லை.

மூன்றாவது, கொடுக்க நினைத்ததைக் கொடுத்து முடிப்பது. மகளுக்குச் சொன்ன வீட்டை நல்ல சுகத்தோடு இருக்கும்போதே உறுதி எழுதிக் கொடுங்கள். 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு விடயங்கள் முக்கியம். நன்கொடை உறுதி மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தால்தான் அது மீளப்பெற முடியாததாகும். உறுதியைப் பெறுபவரின் கையில் கொடுத்தால் அது உடைமையைக் கையளித்ததற்குச் சான்றாக ஏற்கப்படும். சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டு எழுதும் நன்கொடைகள் இந்தப் பிரிவுக்கு வெளியே, பொதுச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆகவே அப்படி எழுதுவதற்கு முன் சட்டத்தரணியிடமும் ஆலிமிடமும் இரண்டு பக்கத்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும்போது நீதம் வேண்டும். நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்து நபியவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்தார்கள். மகள்மாருக்கு வீடு கொடுத்த வாப்பா, மகன்மாருக்கு எதைக் கொடுத்தார், ஏன் அப்படிக் கொடுத்தார் என்பதைப் பிள்ளைகள் எல்லாரும் அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று, எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள். கடைசிப் பேர்ச் வரைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு விறாந்தைக் கட்டிலில் மருமகனின் முகம் பார்த்துக் கிடக்கும் வாப்பா உம்மாமாரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நான்காவது வசிய்யத். மரணசாதனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். எல்லை மூன்றிலொன்று. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் சொத்தில் பெரும்பகுதியைத் தர்மமாக எழுத விரும்பியபோது, மூன்றிலொன்றே அதிகம்தான், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தவிடாமல் விட்டுப்போவது மேல் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். பள்ளிவாசலுக்கு எழுதுவது நல்லது. ஆனால் அந்த மூன்றிலொன்றில் முதலில் நினைக்கவேண்டியவர்கள், வாப்பாவை இழந்த பேரப்பிள்ளைகள். எகிப்து 1946 இல் இவர்களுக்காகக் கட்டாய வசிய்யத்தைச் சட்டமாக்கியது. பாகிஸ்தான் 1961 இல் வேறொரு முறையில் வழி செய்தது. இங்கே அந்தப் பொறுப்பு ஒவ்வொரு மூத்தப்பாவின், மூத்தும்மாவின் கையில்தான் இருக்கிறது. மேலே கணக்கில் பார்த்த அந்தப் பேத்திக்கு அவளுடைய மூத்தும்மா ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும்.

ஐந்தாவது, பெமிட்டும் வங்கியும். பெமிட் காணியில் யாருடைய பெயர் பின்னுரித்தாகப் பதியப்பட்டிருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் போய்ப் பாருங்கள். ஒருவருக்குத்தான் போகும் என்றால், மற்றவர்களுக்கு வேறு சொத்தால் ஈடு செய்ய இப்போதே வழி பாருங்கள். வங்கிக் கணக்கில் பெயர் குறிக்கப்பட்டவரிடம் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். மார்க்கத்தில் அது வாரிசுகள் எல்லாருக்கும் உரிய பணம் என்பதை அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கடைசியாக, எழுதியதை ஒளித்து வைக்காதீர்கள். அலுமாரிக்குள் பூட்டிய கடதாசி, மையித்தை எடுத்த பிறகு வெளியே வந்தால் அதுவே சந்தேகத்துக்கு வித்து. “இத எப்ப எழுதின? ஆரு எழுதின?” என்று தொடங்கும். பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் இருக்கும் ஒரு நாளில் வாசித்துக் காட்டுங்கள். அன்று முகம் சுழிக்கிறவர்கள் சுழிக்கட்டும். பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

மௌத்துக்குப் பிறகு

வாரிசுகளுக்கும் சில வார்த்தை. நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும் உம்மாவிடம் எந்தக் கையொப்பமும் வாங்காதீர்கள். கத்தம், நாற்பது என்று மையித்தின் காசில் பந்தல் போடும் முன், அந்தக் காசில் பராயம் அடையாத பிள்ளையின் பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். அநாதையின் சொத்தைத் தின்பது பற்றிச் சூறா நிஸாவின் 10 ஆம் வசனம் சொல்வதை, 11 ஆம் வசனத்தை ஓதும் எல்லாரும் ஓதிவிட்டுத்தான் வருகிறோம்.

கடனை அடைத்ததும் பங்கைத் தாமதிக்காதீர்கள். ஆலிம் ஒருவரிடம் பங்குக் கணக்கை எழுத்தில் வாங்கி, நில அளவையாளரைக் கொண்டு துண்டு பிரித்து, பாதையும் கிணறும் யாருக்கு என்பதைப் படத்திலேயே குறித்து, நொத்தாரிசிடம் பிரிவினை உறுதி எழுதுங்கள். “பத்து வருஷமா நான்தானே இருக்கிறன், இனி எனக்குத்தான்” என்று வீட்டில் இருப்பவர் நினைப்பதும் சரியல்ல. கூட்டுரிமையாளர் ஒருவர் இருந்து அனுபவிப்பது பொதுவாக எல்லாருக்காகவும் இருந்ததாகவே சட்டம் பார்க்கும்.

நமது பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் சண்டை முற்றிய பிறகு விசாரணைக்குக் கூப்பிடுகின்றன. அதற்குப் பதிலாக வருடத்தில் ஒரு நாளை ஒதுக்கி, ஓர் ஆலிமையும் நொத்தாரிசையும் பிரதேச செயலகக் காணி உத்தியோகத்தரையும் ஒன்றாக இருத்தி, ஊரவர்களின் உறுதிகளையும் பெமிட்டுகளையும் பார்த்துக் கொடுக்கலாம். பெண்கள் பகுதியிலும் அதைச் செய்ய வேண்டும். சீதன வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். அது யாருடைய பெயரில் இருக்கிறது என்று பெரும்பாலும் தெரியாதவர்களும் அவர்கள்தான்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் எழுதாத தாள்கள் இருக்கும். இன்று இஷாவுக்குப் பிறகு அதை எடுத்து, முதற்பக்கத்தில் யாருக்கு நாம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் இந்த வீட்டின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். அது தெரியாவிட்டால் நாளைக் காலையில் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டிய ஆள் நீங்கள்தான்.